‘இயற்கை’ என்று அச்சிட்டால் போதுமா?

பழச்சாறு டப்பாவின் முகப்பில் வெட்டிய மாம்பழம், பச்சை இலை, ‘இயற்கையானது’ என்ற கொட்டை எழுத்து. பிள்ளைக்குக் குளிர்பானம் வேண்டாம் என்று முடிவெடுத்த பெற்றோர், இதை நம்பித்தான் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். அந்தச் சொல்லை நினைத்தபடி யாரும் அச்சிட்டுவிட முடியாது. அதற்கென்று சட்டம் இருக்கிறது.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் வகுத்த விதிமுறைகளின்படி, வேறு எதுவும் சேர்க்காத ஒற்றை உணவுப் பொருளைத்தான் ‘இயற்கை’ என்று சொல்லலாம். வறுக்கலாம், உலர்த்தலாம், உறையவைக்கலாம், பாஸ்டுரைஸ் செய்யலாம். பல பொருள்கள் கலந்த பண்டத்துக்கு அந்தப் பெயர் கிடையாது. கலந்தவை ஒவ்வொன்றும் அந்த நிபந்தனைக்குள் வந்தால், ‘இயற்கைப் பொருள்களால் செய்தது’ என்று மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

ஓட்டை இருப்பது பிராண்ட் பெயரில். ‘நேச்சுரல்’, ‘ஃப்ரெஷ்’, ‘ப்யூர்’ போன்ற சொற்களைக் கொண்ட பெயர் வாங்குபவரைக் குழப்பக்கூடும் என்றால், ‘இது வணிகப் பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிக்காது’ என்ற வாசகம் லேபிளில் இருக்க வேண்டும். அந்த எழுத்துக்குக் கேட்கப்படும் குறைந்தபட்ச அளவு 3 மில்லிமீட்டர். பெயர் உள்ளங்கை அகலத்துக்கு, மறுப்பு எறும்பு அளவுக்கு! கண்ணாடி போட்டுப் படிக்கும் முதியவருக்கு இது எந்த வகையில் பாதுகாப்பு? இந்த அளவைக் கூட்டியே ஆக வேண்டும்.

பழச்சாறு விஷயத்தில் ஆணையம் 2024 ஜூன் மாதம் ஒரு நல்ல காரியம் செய்தது. பல நிறுவனங்கள் சுண்டக்காய்ச்சிய பழச்சாற்றில் மறுபடி தண்ணீர் கலந்து, ‘100 சதவீதப் பழச்சாறு’ என்று விற்றுவந்தன. அந்தச் சாற்றில் பெரும்பங்கு தண்ணீர்தான். எனவே அந்த வாசகத்தை லேபிளிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் நீக்கச் சொன்னது ஆணையம். சேர்த்த இனிப்பு கிலோவுக்கு 15 கிராமைத் தாண்டினால் ‘இனிப்பூட்டிய சாறு’ என்று எழுத வேண்டும் என்பதையும் நினைவூட்டியது.

விதியை முழுக்கக் கடைப்பிடித்த பொருளும் எல்லோருக்கும் ஏற்றதாகிவிடாது. கலப்படமே இல்லாத தேனும் கருப்பட்டியும் சர்க்கரை நோயாளியின் ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். பூச்சிமருந்து போடாத விளைச்சல் வேண்டுமென்றால், ‘இயற்கை’ என்ற சொல் அதற்கு உத்தரவாதம் அல்ல. ‘ஜைவிக் பாரத்’ முத்திரையைத் தேடுங்கள்.

உண்மை இருப்பது பின்பக்கத்து மூலப்பொருள் பட்டியலில். எடை அதிகமானதுதான் அதில் முதலில் வரும். மாம்பழத்துக்கு முன்னால் தண்ணீரும் சர்க்கரையும் நின்றால், அது மாம்பழச் சாறு அல்ல. ஐ.என்.எஸ். 211 என்றிருந்தால், சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தி சேர்ந்திருக்கிறது. ‘குளுக்கோஸ் சிரப்’ என்பதும் சர்க்கரைதான்.

முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் வேறொன்று சொன்னால் லேபிளைப் படமெடுத்து, ஆணையத்தின் ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியிலோ மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமோ தயங்காமல் புகார் கொடுங்கள்.