நீல ரத்தத்துல ஒரு மருந்து!

ஹாஸ்டல்ல ஜுரம் வந்தா என்ன பண்ணுவீங்க? பக்கத்து ரூம் நண்பன்கிட்ட மிச்சமிருக்கிற ஆன்டிபயாடிக் ரெண்டை வாங்கிப் போடுவீங்க. ஜுரம் விட்டதும் மறந்துடுவீங்க. ஆனா, உள்ளே தப்பிப் பிழைச்ச பாக்டீரியா சும்மா இருக்காது பாஸ்! மருந்துக்கு அடங்காத கிருமிங்க பெருகுறது இப்படித்தான். 2019-ல மட்டும் இதனால நேரடியா இறந்தவங்க உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர்னு மதிப்பிட்டிருக்காங்க.

புது மருந்துக்கு எங்கே போறது? கடலுக்கு!

அங்கே நமக்கெல்லாம் சீனியர் ஒருத்தர் இருக்கார். குதிரைலாட நண்டு! பேர்தான் நண்டு, சொந்தமெல்லாம் சிலந்தியும் தேளும்தான். சுமார் 44 கோடி வருஷமா வாழ்ற வம்சம். ரத்தத்துல இரும்புக்குப் பதிலா தாமிரம் இருக்கறதால, நிறம் நீலம். நமக்கு இருக்கிற மாதிரி ஆன்டிபாடி கிடையாது. அப்போ கிருமி நிறைஞ்ச கடல்ல எப்படித் தாக்குப்பிடிக்குது?

1988-ல ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஒரு விடை சொன்னாங்க. அதோட ரத்த அணுக்கள்ல இருந்து அவங்க பிரிச்செடுத்த பெப்டைடோட பேர் டாக்கிப்ளெசின். வெறும் 17 அமினோ அமிலங்கள் கோத்த குட்டி மாலை!

வேலை செய்யற விதம் சிம்பிள். இதுக்கு பாசிட்டிவ் சார்ஜ், பாக்டீரியாவோட மேலுறைக்கு நெகட்டிவ் சார்ஜ். ஓடிப்போய் ஒட்டிக்கிட்டு உறையையே ஓட்டை போட்டுடும். பல ஆன்டிபயாடிக் மருந்துகள் கிருமிக்குள்ளே ஏதாவது ஒரு புரதத்தைக் குறிவைக்கும். கிருமி அதை மட்டும் மாத்திக்கிட்டா தப்பிச்சுடும். மொத்த உறையையும் மாத்துறது அவ்வளவு ஈஸி இல்லை.

அப்புறம் ஏன் மெடிக்கல் ஷாப்புக்கு வரலை? அளவு கூடினா நம்ம சிவப்பணுக்களையும் உடைச்சிடுது. ரத்தத்துல இருக்கிற என்சைம்கள் இதை வெட்டியும் போட்டுடும். அதனால 17 மணிகள்ல ஒண்ணு ரெண்டை மாத்தி, கிருமியை மட்டும் அடிக்கிற மாதிரி டிசைன் பண்ணப் பார்க்கறாங்க. பக்கா இன்ஜினீயரிங் வேலை! மாலை சின்னதுங்கறதால, நண்டைப் பிடிக்காம லேப்லயே கோத்துடலாம். அதுவும் நல்லதுதான். ஜப்பான் கடலோரத்துல வாழ்ற இந்த இனத்தை 2019-ல அழியும் ஆபத்துப் பட்டியல்ல சேர்த்துட்டாங்க.

அந்த டிசைன் ஜெயிக்கிற வரைக்கும், இருக்கிற மருந்துங்கதான் நம்ம கையில. டாக்டர் எழுதாம ஆன்டிபயாடிக் போடாதீங்க. எழுதிக்கொடுத்தா, அவர் சொன்ன நாள் வரைக்கும் போடுங்க. மிச்சம் வெச்சு நண்பனுக்குக் கொடுக்கற நட்பு மட்டும் வேண்டாமே, ப்ளீஸ்!