மலையினுள் ஓடும் ஆறு

மலையிற் பிறந்து, வயலிற் பரந்து, கடலிற் கலப்பதே ஆற்றின் இயல்பென்று கற்றிருக்கிறோம். பிலிப்பைன் தீவுகளுள் ஒன்றாகிய பலவானிலோ, கபயூகன் என்னும் ஆறு மலைக்குள் நுழைந்து, இருளிலேயே 8 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, வெளியே தலைகாட்டியவுடன் கடலிற் கலந்துவிடுகின்றது. கடலும் வாளாவிருப்பதில்லை. ஓதம் பெருகுங்கால் உவர்நீர் குகையினுட் புகுந்து ஏறுகின்றது. ஆற்றின் கீழ்ப்பாதி ஏறியும் இறங்கியும் வருகின்றது. இக்காட்சிக்கு ஒப்பானது உலகில் அரிது. புவேர்ட்டோ பிரின்செசா நகருக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்விடம் 1971-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. 1999-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சொத்துக்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

ஆற்றை மூடிநிற்கும் மலைக்குத் தூய பவுல் மலை என்று பெயர். இலண்டன் மாநகரிலுள்ள தூய பவுல் பேராலயத்தின் மாடத்தை ஒத்துத் தோன்றியமையால், ஆங்கில மாலுமிகள் 19-ஆம் நூற்றாண்டில் இப்பெயரை இட்டனர் என்பர். மும்முறை கப்பற்சேதத்திற் சிக்கிய அப்போஸ்தலரின் பெயரைக் கப்பலோட்டிகள் தேர்ந்தது பொருத்தமே!

மலை சுண்ணக்கல்லால் ஆயது. மழைநீர், காற்றிலும் அதனினும் மிகுதியாக மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சிறிது புளிப்புத்தன்மை அடைகின்றது. பின்னர் வெடிப்புகளிற் கசிந்து கல்லைக் கரைக்கின்றது. கரைந்த சுண்ணத்தைச் சுமந்த துளி குகையின் கூரையில் வந்து தொங்குங்கால், வாயு பிரிந்துபோக, சுண்ணம் மீண்டும் கல்லாய்ப் படிகின்றது. கூரையினின்று தொங்குவனவும், தரையினின்று எழுவனவும், இரண்டும் கூடித் தூணாயினவும் இங்ஙனம் அமைந்தவையே. ஒரு விரற்கடை வளர்வதற்கே நூற்றாண்டுகள் செல்லக்கூடும். நம் கைபட்டால் தோலின் எண்ணெய்ப் பசை அதன்மேற் படிந்து, அவ்வளர்ச்சியையும் தடுத்துவிடும். தொடலாகாது என்னும் விதி வெறும் ஆசாரமன்று.

காணச் செல்வோர் சபாங் என்னும் துறையில் எந்திரப் படகேறிக் கடல்வழியே சென்று, குரங்குகளும் பெரிய உடும்புகளும் திரியும் காட்டோரத்தில் இறங்குவர். குகைவாயிலில் துடுப்புப் படகு காத்திருக்கும். தலைக்கவசம் அணிந்து, விளக்கம் கூறும் கருவியைக் காதிற் பொருத்திக்கொண்டு, ஒரு விளக்கொளியில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உட்சென்று மீளலாம். வாய்திறந்து கூரையை நோக்காதீர் என்று படகோட்டிகள் நகையாடுவதுண்டு. மேலே வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தொங்குகின்றன!

உள்ளே பேசாதிருத்தல் வேண்டும். இவ்விதிக்குக் காரணம் உண்டு. வௌவால்களும், அங்குக் கூடுகட்டும் உழவாரக் குருவிகளும் கண்ணால் அன்று, செவியால் வழியறிவன. தாம் எழுப்பும் ஒலி பாறையிற் பட்டு எதிரொலித்து மீள்வதைக் கேட்டே இருளிற் பறப்பன. பச்சிலை ஒன்றும் முளையாத அவ்விருளில், பூச்சிகளும் நண்டுகளும் பெரும்பாலும் இவற்றின் எச்சத்தை நம்பியே வாழ்கின்றன. பறவையும் வௌவாலும் கலைந்து நீங்குமாயின் குகை பட்டினி கிடக்கும்.

சுவரின் ஓரிடத்தில் ஒரு விலங்கின் எலும்புகள் பதிந்துள்ளன. பாக்கு நீரிணை மீனவர் ஆவுளியா என வழங்கும் கடற்பசுவின் இனத்தது அது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகட்கு முற்பட்டது. இன்று மலையாய் நிற்பது அன்று கடலடித் தரை. பாறைகளுக்குக் காய்கறிப் பெயரும் திருக்குடும்பப் பெயரும் சூட்டி மகிழ்வதினும், இவ்வெலும்பின்முன் ஒரு நிமிடம் படகை நிறுத்துதல் நன்றென்போம்.

2012-ஆம் ஆண்டில், உலக மக்களின் வாக்கெடுப்பின்வழி, இயற்கையின் புதிய ஏழு அதிசயங்களுள் ஒன்றாக இது உறுதிசெய்யப்பட்டது. புகழ் கூட்டத்தைக் கொணரும். ஆதலின் நாள்தோறும் வரையறுத்த அளவிலேயே அனுமதிச் சீட்டு வழங்கப்படுகின்றது. நெடுந்தொலைவு வந்து சீட்டின்றி மீள்வார்க்கு இது கசக்கும். எனினும், எண்ணிறந்த விளக்குகளும் கூச்சலும் புகுந்தபின் அங்குக் காண எஞ்சுவது கல் மட்டுமே.

பகலில் வந்து மீள்வோர் காணாத காட்சி ஒன்றுண்டு. அந்தி மயங்கும் வேளையில், நாளெல்லாம் வெளியே இரைதேடிய குருவிகள் கூட்டங்கூட்டமாய்க் குகைக்குட் புகுகின்றன. அதே வாயில்வழியே வௌவால்கள் இரவு வேட்டைக்கு வெளியேறுகின்றன.