ஒரே அளவு மது. பெண் உடலில் மட்டும் ஏன் கூடுதல் பாதிப்பு? ஹார்மோன்களின் பங்கு என்ன?

நாயுடுபேட்டை: திருப்பதி மாவட்டத்தில் உள்ள நாயுடுபேட்டை, 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதே நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் 1992-ல் முன்னெடுத்த சாராய எதிர்ப்புப் போராட்டம் ஆந்திரா முழுவதும் பரவி, 1993-ல் சாராயத் தடைக்கும் 1995-ல் முழு மதுவிலக்கிற்கும் வழிவகுத்தது. அப்பெண்கள் எதிர்த்தது ஆண்களின் குடியை. பெண்ணே மது அருந்தினால் அவள் உடலுக்கு என்ன நேரும் என்ற கேள்வி அன்று பெரிதாக எழவில்லை. மருத்துவ ஆய்வுகளும் நெடுங்காலம் ஆண் உடலையே அளவுகோலாகக் கொண்டிருந்தன.

ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21), நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 18.8 விழுக்காட்டினரும் பெண்களில் 1.3 விழுக்காட்டினரும் மது அருந்துகின்றனர். எண்ணிக்கை குறைவு என்றாலும், பாதிப்பு குறைவு எனக் கொள்ள இயலாது.

உடலின் நீரே முதற்காரணம்: ஆல்கஹால் கொழுப்பில் அதிகம் கரைவதில்லை, நீரில் கலந்தே உடலெங்கும் பரவுகிறது. பெண்ணுடலில் கொழுப்பின் விகிதம் அதிகம், நீரின் விகிதம் குறைவு. இந்த அமைப்பைப் பருவ வயது முதல் தீர்மானிப்பதில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கு முக்கியப் பங்குண்டு. எனவே ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தாலும், பெண்ணின் ரத்தத்தில் ஆல்கஹாலின் செறிவு கூடுதலாக இருக்கும். பெண்களின் கல்லீரல் ஆல்கஹாலை மெதுவாகச் சிதைக்கிறது என்ற பரவலான எண்ணம் சரியன்று. உடலின் தசை அளவோடு ஒப்பிட்டால் அந்த வேகம் ஆண்களுக்குக் குறைந்ததாக இல்லை. மாதவிடாய்ச் சுழற்சியின் நாளைப் பொறுத்து போதை மாறுமா என்பதிலும் ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை.

மது ஹார்மோனை மாற்றும்: ஹார்மோன் மதுவைப் பாதிப்பதைவிட, மது ஹார்மோனைப் பாதிப்பதே கவலைக்குரியது. மது அருந்தும்போது ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அளவு உயரக்கூடும். மார்பகப் புற்றுநோய் பலவற்றின் வளர்ச்சியைத் தூண்டுவது இந்த ஹார்மோன்தான். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988-லேயே மதுவை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. நாள்தோறும் 10 கிராம் ஆல்கஹால், அதாவது 30 மில்லி 'பெக்' ஒன்று, மார்பகப் புற்றுநோய் அபாயத்தைச் சுமார் 7 விழுக்காடு உயர்த்துவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

2024 இறுதியில் அமெரிக்காவின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், ஈஸ்ட்ரோஜன் மிகுந்த நாட்களில் பெண் எலிகள் கூடுதலாகக் குடிப்பதைக் கண்டறிந்தனர். எலிகளில் கண்டது மனிதருக்கும் பொருந்துமா என்பது இனிதான் உறுதியாக வேண்டும்.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுப்போர் மது அருந்தினால், ரத்தத்தில் அந்த ஹார்மோன் பன்மடங்கு உயரக்கூடும். பெண் குடிப்பதை வெளியே சொல்லக் கூசும் ஊர்களில் இந்தத் தகவல் மருத்துவரின் காதுக்கே எட்டுவதில்லை. மருத்துவரும் பெண்களிடம் அதைக் கேட்கத் தயங்குவதுண்டு.