மரப்பொந்தில் வாழும் அருஞ்சிலந்தி



குகை என்றதும் மலையும் பாறையுமே நம் நினைவில் எழும். மலையே இல்லாத நாரந்தனை போன்ற தீவூர்களில் வாழும் நமக்குக் குகைவாழ் உயிர்களைக் காணும் வாய்ப்பு அரிது. ஆயினும், முதுமரத்தின் பொந்தும் ஒருவகைக் குகையே. இருளும் குளிர்ச்சியும் காவலும் அங்கும் உண்டு. அத்தகைய பொந்தில் வாழும் அரிய பெருஞ்சிலந்தி ஒன்று, பாக்கு நீரிணையின் தென்கோடியில், இராமேசுவரத்திலும் மன்னாரிலும் காணப்படுகின்றது.

இராமேசுவரத்து அனுமவிலாசம் கோயிலின் அருகே கிடைத்த இச்சிலந்தியை, 2004ஆம் ஆண்டில் அண்ட்ரூ சிமித் என்னும் ஆய்வாளர் ஒரு தனியினமாக விவரித்தார். கோயிலின் பெயரையே தழுவி, ‘பொயிசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா’ என்று அதற்குப் பெயரிட்டார். இப்பேரினத்துச் சிலந்திகள் இந்தியாவிலும் இலங்கையிலும் அன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை.

வீட்டுச் சிலந்திபோல் இது வலைவிரித்து இரைபிடிப்பதன்று. புளி, தென்னை முதலிய மரங்களின் பொந்துக்குள் பட்டிழையால் அறை அமைத்துப் பகலெல்லாம் ஒளிந்திருக்கும். இரவில் வாயிலில் காத்திருந்து, அவ்வழி வரும் பூச்சிகளைப் பாய்ந்து பற்றும். கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் உண்டாகலாம். ஆயினும், மனிதரைக் கண்டால் ஓடி ஒளிவதே இதன் இயல்பு.

தமிழ்நாட்டுக்கே உரியதென எண்ணப்பட்ட இவ்வினம் 2015ஆம் ஆண்டில் மன்னாரிலும் பதிவாயிற்று. நீந்திக் கடல் கடக்க இயலாத உயிர் இரு கரைகளிலும் வாழ்வது எங்ஙனம்? ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன்வரை கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது இரு நிலங்களும் இணைந்திருந்தன. அவ்வழியே இது பரவியிருக்கலாம். பிற்காலத்தில் தோணியில் ஏற்றிய மரக்கட்டையோடு வந்திருத்தலும் கூடும்.

எவ்வழி வந்ததாயினும் இன்று அதன் நிலை இரங்கத்தக்கது. 2008ஆம் ஆண்டில் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் இதனை மிகவும் அருகிவிட்ட இனங்களுள் சேர்த்தது. தோப்புகள் அழிந்து கட்டடங்கள் பெருகுவதே தலையாய காரணம். வளர்ப்புக்கென விற்போராலும் இப்பேரினத்துக்குக் கேடு உண்டு. ஆதலால் 2019ஆம் ஆண்டில் இதன் பன்னாட்டு வணிகம் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டது.

சட்டம் விற்பனையைத் தடுக்கலாம். பொந்தைப் படைத்தல் அதனால் இயலாது. ஒரு மரத்தில் பொந்து விழப் பல்லாண்டுகள் செல்லும். காய்ப்பு ஓய்ந்ததென்று முதுமரத்தைத் தறிக்கக் கோடரி எடுக்கும்போது, அதனுள்ளே குடியிருப்பது யாதென ஒருமுறை நோக்குதல் நம் கடமையாகும்.