தீப்பந்தச் சிலம்பம்: பற்றவைக்கும் முன்பே பாதி வேலை

காஞ்சிபுரம், வாலாஜாபாத் பக்கம் பட்டுப் புடவை எடுப்பவர்களுக்கு ஒரு சோதனை தெரியும். ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டினால், அசல் பட்டு மயிர் கருகும் வாடையோடு எரியும், நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். திருவிழாவில் தீப்பந்தம் சுற்றுகிறவரின் சட்டை பாலியஸ்டராக இருந்தால், அந்த உருகல் தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். சுமார் 250 டிகிரி செல்சியஸிலேயே அது உருகிவிடுகிறது. பருத்தியும் எரியக்கூடியதுதான், ஆனால் உருகி ஒட்டாது. அதனால் காற்றில் பறக்காதபடி இறுக்கிக் கட்டிய கெட்டிப் பருத்தி உடையே ஏற்றது.

பந்தத்துக்கும் பருத்தித் துணிதான். கம்பின் இரு முனைகளிலும் இறுகச் சுற்றி இரும்புக் கம்பியால் கட்டுவார்கள். நைலான் கயிறு சூட்டில் அறுந்துவிடும். மண்ணெண்ணெயில் நனைத்துப் பற்றவைத்ததும் முதலில் எரிவது துணியல்ல, எண்ணெயின் ஆவி. ஆவியாகும்போது துணியின் சூட்டையும் எண்ணெய் எடுத்துக்கொள்கிறது. எண்ணெய் தீர்ந்த பிறகே துணி கருகும், கட்டு தளரும். சுடர் சிறுக்கத் தொடங்கினால் ஆட்டத்தை முடித்துவிட வேண்டும்.

நனைத்த பந்தத்தை நன்றாகப் பிழிந்து உதறாமல் பற்றவைக்கக் கூடாது. ஒன்றரை மீட்டர் கம்பை நடுவில் பிடித்து நொடிக்கு இரண்டு சுற்று சுற்றினால், முனை நொடிக்கு 9 மீட்டருக்கு மேல் பாய்கிறது. அங்குள்ள எண்ணெய்த் துளியைத் துணியிலேயே நிறுத்திவைக்க அதன் எடையைப்போல் 12 மடங்கு விசை வேண்டும். அவ்வளவு பிடிப்பு மிச்ச எண்ணெய்க்கு இல்லை; எரிந்தபடியே கூட்டத்தின் மேல் தெறிக்கும்.

பெட்ரோல் கூடவே கூடாது. சுழிக்குக் கீழே 40 டிகிரியிலும் அதன் ஆவி பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய்க்கு ஏறக்குறைய 38 டிகிரி வேண்டும். ஆனால் நம் கத்திரி வெயில் அந்த அளவைத் தாண்டுவதுண்டு. எனவே எண்ணெய்க் கேனை மூடி, நிழலில், ஆடுகளத்துக்கு எட்டத்தில் வைக்க வேண்டும்.

கற்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் வெறுங்கம்பில் காலடியும் சுற்றும் படிய வேண்டும். அடுத்து, பற்றவைக்காத ஈரத்துணிப் பந்தத்தோடு பழக வேண்டும். முனையில் எடை கூடினால் கம்பின் போக்கே மாறிவிடும். கண் பார்க்காமலே கை சுற்றும் நிலை வந்த பிறகுதான் நெருப்பு. அதுவும் ஆசான் பக்கத்தில் நிற்க, ஒரு முனையில் மட்டும்.

நெருப்பைச் சுழற்றும் ஆட்டம் பிற நாடுகளிலும் உண்டு. இலங்கையில் கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் தீப்பந்து சுற்றுகிறார்கள். சமோவாவில் தீக்கத்தி சுழற்றுகிறார்கள். எங்கே ஆடினாலும் ஆடாத ஒருவர் அவசியம்: நனைத்த பருத்திப் போர்வையோடு, ஆட்டக்காரர்மேல் வைத்த கண் வாங்காமல் நிற்பவர். காற்றின் திசையைப் பார்த்துக் கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவதும் அவர் பொறுப்பு.

வாயில் மண்ணெண்ணெய் வைத்து ஊதுவதைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரவே கூடாது. சிறிதளவு நுரையீரலுக்குள் போனாலும் கடும் அழற்சி வரும். தீக்காயம் பட்டால் பற்பசையோ மையோ தடவாமல், 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.