சுவருக்குள் மறையும் வேலைக்கு எந்தக் கைநூல்?

"வாப்பா, கேபிளிங் வேலை கத்துக்க ஒரு புத்தகம் வாங்கணும், எது வாங்கலாம்?" என்று மகன் கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. கடையிலும் இணையத்திலும் இந்தப் பெயரில் ஏராளமான புத்தகங்கள் இருக்கின்றன. அட்டையைப் பார்த்தோ பக்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்தோ ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். அது அலமாரியில் தூங்குகிறது. பிள்ளை வழக்கம்போல மூத்த தொழிலாளி ஒருவரின் பக்கத்தில் நின்று, அவர் செய்வதைப் பார்த்துச் செய்யப் பழகிவிடுகிறான்.

பார்த்துப் பழகுவது தவறில்லை. கைத்தொழில் எதுவும் அப்படித்தான் வருகிறது. ஆனால் மூத்தவர் தவறாகச் செய்தால் அந்தத் தவறும் சேர்ந்தே வரும். நெட்வொர்க் கேபிள் சுவருக்குள்ளும் மேற்கூரைக்கு மேலும் ஓடுகிற பொருள். பூச்சு பூசி வண்ணம் அடித்த பிறகு அதை யாரும் பார்ப்பதில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகள் அது அங்கேயே இருக்கும். பிழை இருந்தால் சுவரை உடைக்க வேண்டும், அல்லது குறையோடு காலம் தள்ள வேண்டும். நம் ஊரில் வீடு கட்டினாலும், வளைகுடாவில் ஒரு கம்பெனியில் டெக்னீஷியனாகச் சேர்ந்தாலும் இதே நிலைதான். அதனால்தான் இந்தத் தொழிலுக்கு வருகிறவனிடம் 'ஏன்' என்பதையும் சொல்லித் தரும் ஒரு கைநூல் இருக்க வேண்டும். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம்.

நெட்வொர்க் புத்தகம் வேறு, கேபிளிங் புத்தகம் வேறு

பலரும் முதலில் இங்கேதான் தவறுகிறார்கள். சிசிஎன்ஏ, நெட்வொர்க் பிளஸ் போன்ற தேர்வுகளுக்கான நூல்கள் சுவிட்ச், ரூட்டர், ஐபி முகவரி ஆகியவற்றை விளக்குபவை. அவற்றில் கேபிளுக்கு ஓர் அத்தியாயமோ சில பக்கங்களோ இருக்கும், அவ்வளவுதான். கேபிளை எப்படி இழுப்பது, எவ்வளவு வளைக்கலாம், மின்சார வயரிலிருந்து எவ்வளவு தள்ளிப் போடுவது, போட்டு முடித்ததை எப்படிச் சோதிப்பது என்பவை அங்கே கிடைக்காது.

கேபிளிங் நூல்களிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, கட்டடத்தின் வரைபடத்தை வைத்துத் திட்டமிடுகிற வடிவமைப்பாளருக்கானது. மற்றொன்று, கருவியைக் கையில் எடுத்து வேலை செய்கிறவருக்கானது. தொடக்க நிலையில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டாவது வகைதான் தேவை. ஆகவே வாங்குவதற்கு முன் பொருளடக்கத்தைப் பாருங்கள். ஜாக்கில் கம்பிகளைப் பதிப்பது, பேட்ச் பேனல், கேபிள் சோதனை, ஃபைபர் இணைப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி அத்தியாயங்கள் இருக்கின்றனவா என்று கவனியுங்கள்.

நிறவரிசையை வைத்தே நூலை எடை போடலாம்

ஒரு நூல் தரமானதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. கேபிளின் எட்டுக் கம்பிகளைப் பற்றி அது என்ன சொல்கிறது என்று படித்துப் பாருங்கள்.

ஆர்ஜே-45 முனையில் கம்பிகளை அடுக்க இரண்டு வரிசைகள் உள்ளன. டி568பி முறையில் வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று வரும். டி568ஏ முறையில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறும். இரண்டுமே ஒரே அளவு வேலை செய்யும். இரு முனையிலும் ஒரே முறை இருந்தால் போதும். இதை எல்லா நூல்களும் சொல்லிவிடுகின்றன.

ஆனால் பச்சை ஜோடி ஏன் 3, 6 என்று பிரிந்து நிற்கிறது? நீலம் ஏன் நடுவில் வருகிறது? இதற்கு விளக்கம் தருகிற நூல்தான் உங்களுக்குத் தேவையானது. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகளும் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு ஜோடிகளாக இருக்கின்றன. ஒரு ஜோடியின் சமிக்ஞை பக்கத்து ஜோடியில் கலந்துவிடாமல் தடுப்பது இந்த முறுக்குதான். சுவிட்சும் கணினியும் 1-2, 3-6, 4-5, 7-8 என்ற இணைகளில்தான் பேசிக்கொள்கின்றன. எனவே ஒவ்வோர் இணையிலும் ஒன்றாக முறுக்கப்பட்ட இரண்டு கம்பிகளே வர வேண்டும்.

இது தெரியாத ஒருவர், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்தி இரு முனையிலும் கிரிம்ப் செய்துவிடுகிறார். விலை குறைந்த டெஸ்டரில் மாட்டினால் 1 முதல் 8 வரை எல்லா விளக்குகளும் முறையாக எரியும். 'ஓகே' என்று வேலையை ஒப்படைத்துவிடுவார். உண்மையில் 3-ஆம் கம்பி ஒரு ஜோடியிலிருந்தும் 6-ஆம் கம்பி வேறொரு ஜோடியிலிருந்தும் வந்திருக்கும். இதைத்தான் ஸ்பிளிட் பேர் என்பார்கள். குட்டையான கேபிளில் இந்தப் பிழை மறைந்திருக்கும். நீளமான கேபிளில் வேகம் குறையும், இணைப்பு அறுந்து அறுந்து வரும். வீட்டுக்காரர் ரூட்டரை மாற்றுவார், இணைய நிறுவனத்தோடு சண்டை போடுவார். குறை சுவருக்குள் இருப்பது யாருக்கும் தெரியாது.

ஆகவே நூலின் பின்பக்கத்தில் உள்ள சொல்லடைவில் ஸ்பிளிட் பேர் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் டெஸ்டருக்கும், கேபிளின் தரத்தை அளந்து சான்று தரும் கருவிக்கும் உள்ள வேறுபாட்டை அது விளக்குகிறதா என்று பாருங்கள். இவை இல்லாத நூலுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

எண் சொன்னால் ஆதாரமும் சொல்ல வேண்டும்

இந்தத் தொழிலில் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு தரநிலை உண்டு. அமெரிக்க வழக்கில் டிஐஏ-568, உலக அளவில் ஐஎஸ்ஓ/ஐஇசி 11801, ஐரோப்பாவில் இஎன் 50173. நல்ல நூல் ஓர் எண்ணைச் சொல்லும்போது அது எந்தத் தரநிலையில் வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்லும்.

எடுத்துக்காட்டாக, 'கேபிள் 100 மீட்டர் வரை போடலாம்' என்று பலரும் சொல்கிறார்கள். இது பாதி உண்மை. 100 மீட்டர் என்பது மொத்தக் கணக்கு. சுவருக்குள் நிலையாகப் போகும் கேபிள் 90 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மீதி 10 மீட்டர் இரு பக்கமும் மாட்டும் பேட்ச் கார்டுகளுக்கானது. இந்தப் பிரிவைச் சொல்லாத நூலை நம்பி 100 மீட்டரையும் சுவருக்குள் போட்டுவிட்டால், சோதனையில் தோற்று, வேலையைத் திரும்பச் செய்ய வேண்டி வரும்.

அதேபோல 'கேட் 6 கேபிளில் 10 கிகாபிட் வேகம் கிடைக்கும்' என்று மட்டும் எழுதியிருந்தால் அதுவும் அரைகுறைதான். கேட் 6-இல் அந்த வேகம் ஏறக்குறைய 55 மீட்டர் வரைதான். கேபிள்கள் நெருக்கமாகக் கட்டப்பட்ட இடத்தில் அந்தத் தூரமும் குறையும். முழு 100 மீட்டருக்கு கேட் 6ஏ வேண்டும்.

கையால் செய்யும் வேலைக்கும் எண்கள் உண்டு. முனையில் ஜோடியின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. கவசமில்லாத கேபிளை வளைக்கும்போது வளைவின் ஆரம் கேபிளின் விட்டத்தைப் போல் நான்கு மடங்குக்குக் குறையக் கூடாது. 6 மில்லிமீட்டர் கேபிள் என்றால் சுமார் 24 மில்லிமீட்டர். இழுக்கும் விசை 110 நியூட்டனைத் தாண்டக் கூடாது. அதாவது சுமார் 11 கிலோ எடையைத் தூக்கும் அளவு. பைப்பில் சிக்கிய கேபிளை இரண்டு பேர் சேர்ந்து இழுக்கும்போது இந்த எல்லை எளிதாகத் தாண்டிவிடும்.

நூல் கேபிளின் உலோகத்தைப் பற்றியும் பேச வேண்டும். அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசிய கேபிள்கள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. மேலே கேட் 6 என்று அச்சிட்டிருந்தாலும் அவை தரநிலைக்கு உட்பட்டவை அல்ல. மின்தடை அதிகம், எளிதில் முறியும். கண்காணிப்பு கேமராவுக்கு அதே கேபிள் வழியாக மின்சாரம் அனுப்பும்போது சூடும் கூடும். சுருளின் விலையில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, வாடிக்கையாளரின் சுவருக்குள் இதைப் புதைப்பது நேர்மையான வேலை அல்ல. தெரியாமல் புதைத்தாலும் பெயர் கெடுவது வேலை செய்தவருக்குத்தான்.

பதிப்பு ஆண்டைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்

டிஐஏ-568 முதலில் 1991-இல் வெளியானது. அதன் பிறகு பலமுறை திருத்தப்பட்டது. ஐஎஸ்ஓ/ஐஇசி 11801 நூலும் 1995, 2002, 2017 என மூன்று பதிப்புகளைக் கண்டிருக்கிறது. பழைய கேபிளிலேயே 2.5, 5 கிகாபிட் வேகம் பெறும் முறை 2016-இல் வந்தது. கேபிள் வழியாக 90 வாட் வரை மின்சாரம் அனுப்பும் முறை 2018-இல் வந்தது. எனவே 2014-இல் அச்சான நூலில் இவை இருக்க முடியாது.

அதற்காகப் பழைய நூல்கள் எல்லாமே வீண் என்று பொருளில்லை. முறுக்கு, வளைவு, 90 மீட்டர் கணக்கு, மின்வயரிலிருந்து விலகி நிற்பது போன்ற அடிப்படைகள் மாறவில்லை. வேகம், மின்சாரம், ஃபைபரின் வகைகள் ஆகியவைதான் பழசாகின்றன. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்தால் அடிப்படைக்கு வாங்கலாம். புதியவற்றுக்கு வேறு துணை தேட வேண்டும்.

நாட்டு வேறுபாடும் முக்கியம். அமெரிக்க நூல்கள் அடி, அங்குலக் கணக்கிலும், அந்நாட்டுத் தீத்தடுப்பு விதிகளின்படியும் எழுதப்பட்டவை. இந்தியாவில் 2016-இன் தேசியக் கட்டட விதித்தொகுப்பு தகவல்தொடர்பு அமைப்புகளுக்குத் தனிப் பிரிவே ஒதுக்கியிருக்கிறது. வெளிநாட்டில் வேலை செய்தால் அந்த ஒப்பந்த ஆவணத்தில் எந்தத் தரநிலை எழுதப்பட்டிருக்கிறதோ அதுதான் செல்லும்.

பெயர் சொல்லக்கூடிய சில நூல்கள்

ஆண்ட்ரூ ஒலிவியெரோ, பில் வுட்வர்ட் இருவரும் எழுதிய 'கேபிளிங்: தி கம்ப்ளீட் கைடு டு காப்பர் அண்ட் ஃபைபர்-ஆப்டிக் நெட்வொர்க்கிங்' பரவலாக அறியப்பட்ட நூல். செம்பு, ஃபைபர் இரண்டையும் தொடக்கத்திலிருந்து சொல்லித் தருகிறது. 5-ஆம் பதிப்பு 2014-இல் வந்தது. மேலே சொன்ன ஆண்டுக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

ஃபைபர் ஆப்டிக் அசோசியேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு ஜிம் ஹேய்ஸ் எழுதிய கட்டடக் கேபிளிங் கைநூலை வெளியிட்டிருக்கிறது. அதே அமைப்பு தன் இணையதளத்தில் படங்களோடு விரிவான பாடங்களை இலவசமாகவே வைத்திருக்கிறது. கையில் பணம் இல்லாத மாணவர் இங்கிருந்து தொடங்கலாம். திருட்டுப் பிரதிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பிக்சி என்ற அமைப்பின் டிடிஎம்எம் நூல் வடிவமைப்பாளர்களுக்கானது. மிகப் பெரியது, விலையும் அதிகம். அதே அமைப்பு நிறுவல் வேலை செய்பவர்களுக்கென்று ஐடிசிம் என்ற நூலையும் தருகிறது. இவற்றைத் தொடக்கத்திலேயே வாங்க வேண்டாம். சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு, சான்றிதழ் தேர்வுக்குத் தயாராகும்போது யோசிக்கலாம்.

கேபிள் தயாரிக்கும் கம்பெனிகளும் இலவசக் கையேடுகள் வெளியிடுகின்றன. படங்கள் தெளிவாக இருக்கும். ஆனால் தங்கள் பொருளை விற்பதும் அவற்றின் நோக்கம் என்பதை மறக்கக் கூடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இந்த நூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழ் வழியில் படித்த பிள்ளை முதல் வாரத்திலேயே சோர்ந்துவிடலாம். ஆகவே படங்களும் கலைச்சொல் விளக்கமும் அதிகம் உள்ள நூலையே தேர்ந்தெடுங்கள். ஒரு நோட்டை வாங்கிக் கொடுத்து, தினமும் இரண்டு பக்கம் படித்து, புரிந்ததைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். மறுநாள் வேலையிடத்தில் அதைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஓராண்டில் அந்த நோட்டே அவனுக்கு இன்னொரு கைநூலாகிவிடும்.

நூலோடு சேர்த்து ஒரு மீட்டர் கேபிள், சில ஜாக்குகள், ஒரு கிரிம்பிங் கருவி ஆகியவற்றையும் வாங்கிக் கொடுங்கள். வீட்டிலேயே பத்துமுறை தவறு செய்து பழகட்டும். அங்கே தவறினால் போவது சில ரூபாய்தான். அடுத்தவர் வீட்டுச் சுவருக்குள் தவறினால், அந்த வீட்டுக்காரர் பல ஆண்டுகள் அதைச் சுமக்க வேண்டியிருக்கும்.