பிசிஆரும் வேண்டும், பில்லும் வேண்டும்: பியர்டட் டிராகன் வளர்ப்பவர்களுக்கு

குட்டி பியர்டட் டிராகன் தலையை அண்ணாந்து, மேலே பார்த்தபடியே விறைத்து நிற்கிறது. அல்லது ஒரே பக்கமாகச் சுற்றுகிறது, தின்பதில்லை, வளர்வதில்லை. வளர்ப்பவர் அதை வீடியோ எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்புகிறார். “கால்சியம் கம்மி சார், டிராப்ஸ் கொடுங்க” என்று பதில் வருகிறது. சிலர் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கி வாயில் ஊற்றுகிறார்கள். குட்டி செத்ததும் அதே கடையில் இன்னொன்று வாங்கி, அதே தொட்டியில் விடுகிறார்கள். அதுவும் சாகிறது. இந்தக் கதையை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! பரிசோதனை செய்தீர்களா என்றால் இல்லை. பில் இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை.

கால்சியம் குறைந்தாலும் நடுக்கமும் தள்ளாட்டமும் வரும், மறுக்கவில்லை. ஆனால் அதை ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும், கடைக்காரர் அல்ல. இந்தக் குட்டிகளில் சந்தேகிக்க வேண்டிய இன்னொன்று அடினோ வைரஸ். பியர்டட் டிராகன் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்துப் பிராணி. ஆஸ்திரேலியா தன் காட்டுயிர்களை வணிகத்துக்கு ஏற்றுமதி செய்வதில்லை. உலகெங்கும் விற்பவை பண்ணைகளில் பெருக்கியவை. வைரஸும் அந்தப் பண்ணைகளோடு சேர்ந்தே பரவியது. எச்சத்தின் வழியே ஒன்றிடமிருந்து இன்னொன்றின் வாய்க்குப் போகிறது. குட்டிகளைக் கொல்கிறது. வளர்ந்தவற்றில் பல, வெளியே ஒன்றும் காட்டாமல் வருடக்கணக்கில் சுமந்து திரிகின்றன. சிலவற்றுக்கு நாளடைவில் கல்லீரல் கெடுகிறது.

இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. ஆன்டிபயாட்டிக் வைரஸைத் தொடாது. அதற்காக, வைரஸ் இருப்பது உறுதியானதும் கொன்றுவிடவோ கைவிடவோ வேண்டியதில்லை. சரியாகக் கவனித்தால் பல ஆண்டு நன்றாகவே வாழும்.

முதலில் பரிசோதனை. எச்சத்தையோ, கழிவுத் துளையில் பஞ்சுக் குச்சியால் எடுத்த மாதிரியையோ வைத்து பிசிஆர் செய்வார்கள். எந்த ஆய்வகம் செய்யும், மாதிரியை எதில் வைத்து அனுப்ப வேண்டும் என்பதை மாதிரி எடுக்கும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவரும் ஊர்வன பார்ப்பதில்லை. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதென்றாலும் ஊர்வன பார்ப்பவர் இருக்கும் நாளை விசாரித்துவிட்டுப் போங்கள். ஒரு முறை நெகட்டிவ் வந்தால் வைரஸ் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். வைரஸ் எல்லா நாளும் எச்சத்தில் வெளியேறாது. சில வாரம் விட்டு மீண்டும் சோதிக்க வேண்டும். கூடவே எச்சத்தில் காக்சிடியா ஒட்டுண்ணி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அடினோ உள்ள குட்டிகளைப் பல நேரம் சாய்ப்பது இந்த இரண்டும் சேர்ந்துதான்; காக்சிடியாவுக்காவது மருந்து உண்டு.

வீட்டுக் கவனிப்பில் பாதி வேலை வெப்பமும் வெளிச்சமும்தான். தொட்டியின் ஒரு முனை 38 முதல் 42 டிகிரி செல்சியஸ், மறுமுனை 25 முதல் 29. மே மாதம் வந்துவிட்டால் “ஊரே கொதிக்குது, லைட் எதுக்கு?” என்று விளக்கை அணைத்துவிடுகிறார்கள். ஜன்னல் ஓரம் வைத்தாலும் கண்ணாடி வழியாக யூவிபி கதிர் வராது. நீளமான யூவிபி டியூபே போட்டு, தினம் 10 முதல் 12 மணி நேரம் எரியவிடுங்கள். எரிகிறதே என்று பழைய டியூபை இரண்டு வருடம் ஓட்டாதீர்கள். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் கதிர் மங்கிவிடும். கோடையில் குளிர்ந்த முனையும் சூடேறிவிடும். அப்போது அறையைத்தான் குளிர்விக்க வேண்டும். சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை எடை போட்டு, கிராம் கணக்கில் ஒரு நோட்டில் எழுதுங்கள். உடம்பு இளைப்பது கண்ணில் படும் முன்பே நோட்டில் தெரிந்துவிடும்.

வைரஸ் உள்ளதற்குத் தனித் தொட்டி, தனி இடுக்கி, தனித் தண்ணீர்க் கிண்ணம். நோயில்லாதவற்றுக்கு முதலில் தீனி போடுங்கள், இதற்குக் கடைசியில். இது தின்னாமல் விட்ட கிரிக்கெட் பூச்சியை எடுத்து அடுத்த தொட்டியில் போடவே போடாதீர்கள். வைரஸை நீங்களே கொண்டுபோய்ச் சேர்ப்பதாகும். இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது, ஆகவே ஹேண்ட் சானிடைசரை நம்பாதீர்கள். கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். தொட்டியில் ஒட்டிய எச்சத்தைச் சோப்பு நீரால் தேய்த்து எடுத்த பிறகு, ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசிக் காயவிடுங்கள். அதுவரை பிராணி அந்த அறையில் இருக்கக் கூடாது. மரக்கட்டை அலங்காரங்களைத் தூக்கிப் போடுங்கள்.

இந்த வைரஸ் மனிதருக்கு வருவதாகத் தெரியவில்லை. ஆனால் இந்தப் பிராணியின் எச்சத்தில் சால்மொனெல்லா இருக்கலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டில் தொட்டியைச் சமையலறை சிங்க்கில் கழுவாதீர்கள்.

புதிதாக வாங்கியதைப் பழையதோடு சேர்க்காதீர்கள். மூன்று மாதம் வேறு அறையில் வைத்து, இரண்டு முறையாவது சோதித்த பிறகு யோசிக்கலாம். அப்போதும் ஒரு தொட்டிக்கு ஒன்றுதான் நல்லது. வைரஸ் உள்ளதை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள், சொல்லாமல் விற்காதீர்கள். ஏரிக்கரையிலோ காட்டிலோ விட்டுவிடவே கூடாது. நம் ஓணானும் இதே குடும்பம்தான்.

இனி காகிதம். 2018ஆம் ஆண்டின் வளர்ப்புப் பிராணிக் கடை விதிகளின்படி கடை, மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வெளியே வந்துவிடுங்கள். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் அடைத்துக் கடத்திவந்த ஊர்வன சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவது தொடர்ந்து செய்தியாகிறது. காகிதமில்லாத பிராணி எங்கிருந்து வந்தது, எந்த நோயோடு வந்தது என்று யாருக்கும் தெரியாது. பில்லில் இனத்தின் பெயர், தேதி, தொகை, கடை முகவரி நான்கும் இருக்கட்டும். அயல்நாட்டு இனங்களில் எதை அரசிடம் பதிய வேண்டும் என்பது காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையைப் பொறுத்தது. உங்கள் பிராணி அதில் வருகிறதா என்று தலைமைக் காட்டுயிர்க் காப்பாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். போனில் கிடைத்த பதில் பிறகு எந்த மேசையிலும் செல்லாது.

பிராணி செத்துவிட்டால் புதைத்துவிடாதீர்கள். ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள், உறைந்தால் திசு சிதைந்து, கல்லீரலை நுண்ணோக்கியில் பார்ப்பது வீணாகும். இரண்டு பைகளில் கட்டி, உணவுப் பொருளிலிருந்து ஒதுக்கி, ஃப்ரிட்ஜின் சாதாரணப் பகுதியில் வைத்து, ஒரு நாளுக்குள் ஐஸ் பெட்டியில் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள்.

பில், கட்டணம் கட்டிய விவரம், கடைக்காரரின் செய்திகள், பிசிஆர் அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, எடை நோட்டின் நகல்: இவை கையில் இருந்தால் முதலில் கடைக்கு ஒப்புகையோடு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். நகலை விலங்குகள் நல வாரியத்துக்கும், கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநருக்கும் அனுப்புங்கள். அங்கே மனு மேசை மேசையாக நகரும், “இதெல்லாம் எங்களுக்கு வராது” என்பார்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். கடை பதில் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணமும் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு.